கையை நீட்டு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டு, ‘டீச்சர் இப்படியா பேசினாவ’ என்று யாரும் கேட்கக் கூடாது. நோட்டில் எழுத்து கோணினால் கோபம், மணி பிந்தி அடித்தால் கோபம், சாக்பீஸ் ஈரமாக இருந்தால் அதற்கும் கோபம். என் கூட வேலை பார்த்த சின்ன டீச்சர்மார்கள் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால், “அக்கா, அந்த மீன்பெட்டி இன்ஸ்பெக்ஷனைச் சொல்லுங்க” என்று உட்கார்ந்துவிடுவார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிற்று. அதனால் எழுதிவைக்கிறேன். பிள்ளைகளுக்குக் கையெழுத்து எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

1. உப்புப் பூத்த சிலேட்டு

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். ஆற்றுத் தண்ணீர், நெல், வாழை இவற்றைத் தவிர வேறொன்றும் அறியாத சைவக் குடும்பம். எழுபதுகளின் நடுவில் டிரெயினிங் முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது, தூத்துக்குடியைத் தாண்டி ஒரு கடற்கரைக் கிராமத்தில், உதவி பெறும் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் கிடைத்தது. தற்காலிக வேலைதான். வருடக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக ரிப்போர்ட் எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அப்பா பஸ் ஏற்றிவிடும்போது கண்டிஷனாகச் சொன்னார்.

“ஒரு வருசம் பாரு. நிரந்தரம் ஆச்சுன்னா இரு, நான் தடுக்கல. இல்லன்னா மறுபேச்சு பேசாம வீட்டுக்கு வந்திரணும். மாப்பிள்ளை வீட்ல வேலைக்குப் போற பொண்ணு வேண்டாம்னு சொல்லுதாவ. ஒனக்காவ அவங்ககிட்ட ஒரு வருசம் தவணை கேட்டிருக்கேன்.”

மாப்பிள்ளை மாவு மில் வைத்திருந்தார். ஆள் நல்லவர்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எனக்குக் கரும்பலகைக்கு முன்னால் நின்றுவிட வேண்டும் என்று பைத்தியம். அந்த மில் ஓடுகிற சத்தத்தை நினைத்தாலே அந்த நாளில் எனக்குத் தலைவலி வரும்.

முதல் நாள் மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். ஓலைக் கூரை, பாதிச் சுவர். மீதிப் பாதி வழியாகக் கடல் தெரியும். “எல்லாரும் உங்க பேரை சிலேட்டுல எழுதுங்க” என்றேன். தலையைக் குனிந்து எழுதினார்கள். தூக்கிக் காட்டச் சொன்னேன். ஒரு சிலேட்டிலும் ஒரு பெயரும் தெரியவில்லை. எல்லாம் சாம்பல் பூசினாற்போல் வெளுத்துக் கிடந்தது.

“என்னலே இது?”

“கழுவிக் கொண்டாந்தோம் டீச்சர். புது டீச்சர் வாராவன்னு.”

“எந்தத் தண்ணியில கழுவுனீங்க?”

“கடத்தண்ணியில.”

கடல்நீரில் கழுவி வெயிலில் காயவைத்தால் என்ன ஆகும்? உப்புப் பூத்துவிட்டது. வெள்ளை உப்பின் மேல் வெள்ளைக் குச்சியால் எழுதினால் எந்தச் சாமிக்குத் தெரியும்? நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் முன்வரிசையில் எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய ஒரு பெண்பிள்ளை எழுந்து, “நக்குனா போயிரும் டீச்சர்” என்று சொல்லி, சிலேட்டை மேலிருந்து கீழாக ஒரே நக்காக நக்கிக் காட்டினாள். அதுதான் பிலோமினா. ஊருக்கே பிலோமி.

அந்த வாரத்திலேயே இன்னொன்றும் நடந்தது. புது ஓலைப்பெட்டி நிறைய மீனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள், பிலோமியின் அய்யாவும் இன்னும் இரண்டு பேரும். “ஐயோ, நான் சைவம்” என்று பின்னால் போனேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம். வீட்டில் சாவு விழுந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஹெட்மாஸ்டர் அந்த ஊர்க்காரர். ஒல்லியாக இருப்பார், நல்ல மனுஷன், வாய் மட்டும் நிற்காது. அவர்தான் எனக்கு விளக்கினார்.

“டீச்சர், வேண்டாம்னு சொல்லக் கூடாது. ஊருக்கு வந்த விருந்தாளிக்குப் பங்கு குடுக்கது இங்கன முறை. அதுவும் காசு குடுத்து வாங்குன மீனைக் குடுத்தா மரியாதை இல்ல. கரைவலையில வடம் பிடிச்சு இழுத்து, அதுல கெடச்ச பங்கைத்தான் குடுக்கணும். வடம் பிடிக்காதவனுக்குப் பங்கே கிடையாது, சம்மாட்டி மவனே ஆனாலும்.”

வலைக்குச் சொந்தக்காரரை அங்கே சம்மாட்டி என்பார்கள். கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையை, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று வடம் பிடித்து இழுப்பார்கள். அதுதான் கரைவலை. மீன் வந்து விழுகிற வலைப்பைக்கு மடி என்று பெயர். நான் பெட்டியைக் கையால் தொட்டு வாங்கி, ஹெட்மாஸ்டர் கையில் கொடுத்தேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

2. வெளியே கிடந்த கரும்பலகை

எழுத்து என்று பார்த்தால் அந்த வகுப்பில் எழுத்தே இல்லை. பென்சிலைப் பிடிக்கிற விதமே வேறு. வலை பின்னத் தெரிந்த பிள்ளைகள் வலை ஊசியைப் பிடிப்பதுபோல் முழுக்கையால் பிடிப்பார்கள். மற்றதுகள் மீனுக்குச் செதில் எடுப்பதுபோல் குத்திச் சுரண்டும். நோட்டு கிழிந்து அடுத்த பக்கமும் கிழியும். ‘கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்’ என்று டிரெயினிங் ஸ்கூலில் படித்ததை நான் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் எனக்கே வெறுத்துப்போய், “வாங்கலே எல்லாரும்” என்று வகுப்பையே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஹெட்மாஸ்டர் வாசலில் மறித்தார்.

“டீச்சர், பள்ளிக்கூடம் உள்ள இருக்கு. நீங்க எங்க போறிய?”

“கரும்பலகை வெளிய கிடக்கு சார்.”

அலை வந்து போன ஈர மணல் பலகைபோல் இறுகிக் கிடக்கும். நான் குனிந்து ஆள்காட்டி விரலால் முழ நீளத்துக்கு ஓர் ‘அ’ எழுதினேன். விரல் போன இடத்தில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் விழுந்தது. “இந்தப் பள்ளத்துலயே வெரலை விட்டுப் போங்க. கரையை உடைக்கக் கூடாது” என்றேன். ஒவ்வொருவராக வந்து என் எழுத்தின் பள்ளத்தில் விரலை விட்டுப் போனார்கள். எங்கே தொடங்க வேண்டும், எங்கே சுழிக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் விரலுக்கே தெரிந்துபோயிற்று. பிறகு பக்கத்திலேயே தானாக எழுத வேண்டும். கோணினால் காலால் அழித்துவிட்டு மறுபடி.

“வளைவுன்னா வளைவா இருக்கணும். ஒடைஞ்ச வளையலா இருக்கக் கூடாது” என்று கத்துவேன். ‘ஞ’ எழுதியபோது ஒருவன், “டீச்சர், இது சிங்கிறால்! மீசை இருக்கு பாருங்க” என்றான். அன்றிலிருந்து அந்த வகுப்பில் ‘ஞ’வுக்குப் பெயர் சிங்கிறால். இன்றைக்கும் எனக்கு அந்த எழுத்தைப் பார்த்தால் மீசைதான் தெரிகிறது.

தினமும் காலை முதல் பீரியட் மணலில். அதற்கப்புறம்தான் இரட்டைக் கோடு நோட்டு. மேல் வரியை நான் எழுதிக் கொடுப்பேன், அதைப் பார்த்துக் கீழே எழுத வேண்டும். அதைக் காப்பி நோட்டு என்போம். கொழும்புக்குத் தோணியில் போய்வந்த ஒருவர் மகனுக்கு பால்பாயிண்ட் பேனா கொண்டுவந்து கொடுத்திருந்தார். வகுப்பே அதைச் சுற்றி நின்றது. நான் பிடுங்கி மேசைக்குள் போட்டேன். பென்சிலுக்கு அழுத்தமும் தெரியும், இழைப்பும் தெரியும். அந்தப் பேனா வழுக்கிக்கொண்டு ஓடும், எழுத்து அதன் பின்னால் ஓடும். இந்த விஷயத்தில் என்னோடு யாரும் வாதாட வேண்டாம், நான் மாற மாட்டேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அந்தப் பிள்ளைகளின் எழுத்தைப் பார்க்க வேண்டுமே! முத்துக் கோத்தது என்று சொல்வார்களே, அதேதான். ஒரே ஒரு விசேஷம், எல்லா நோட்டிலும் என் எழுத்து. என் பள்ளத்திலேயே விரலை விட்டு வளர்ந்த பிள்ளைகள், வேறு எப்படி எழுதுவார்கள்? என் ‘ர’ கொஞ்சம் காலை நீட்டிக்கொண்டு நிற்கும். வகுப்பில் எல்லா ‘ர’வும் காலை நீட்டின.

ஹெட்மாஸ்டர் நோட்டுகளைப் புரட்டிவிட்டு, “டீச்சர், ஒங்க எழுத்து எது, பிள்ளைய எழுத்து எதுன்னு எனக்குப் பிடிபடல” என்றார். நான் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டேன்.

3. ஹெட்மாஸ்டர் விட்ட வார்த்தை

இன்ஸ்பெக்ஷன் செவ்வாய்க்கிழமை என்று தகவல் வந்தது. திங்கள் காலை ஜெபம் முடிந்ததும் ஹெட்மாஸ்டர் என் வகுப்புக்குள் வந்தார்.

“ஏலே, எல்லாரும் கேட்டுக்கோங்க. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாராரு. முத்து முத்தா எழுதிக் காட்டணும். கோழி கிண்டுன மாதிரி எழுதுனிய, ஒங்க டீச்சரை ஊருக்கு அனுப்பிருவாவ. அப்புறம் கடல்ல விழுந்து அழுதாலும் டீச்சர் வர மாட்டாவ.”

எனக்கு வந்த கோபத்தில் காது சுட்டது. அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

“சார், பிள்ளைகள்ட்ட இதை எதுக்குச் சொல்லுதீங்க?”

“பயம் இருந்தாத்தான டீச்சர் எழுத்து வரும்? நாம படிக்கையில அப்பிடித்தான வந்துது?”

உள்ளே திரும்பினால் பிலோமி எழுந்து நிற்கிறாள்.

“சார், இன்ஸ்பெக்டர் பெரிய ஆளா?”

“பெரிய ஆளுதான்.”

“பிஷப்பு ஆண்டவர் மாதிரியா?”

“அப்பிடித்தான்னு வெச்சுக்கோ. இரிளா.”

அவள் உட்கார்ந்தாள். ஆனால் அவள் கண் வேறெங்கோ இருந்தது. பக்கத்துப் பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள், அது அடுத்த காதுக்குப் போயிற்று. இன்ஸ்பெக்டரைப் பற்றிப் பயந்து பேசுகின்றன என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் நான் நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தபோது கரையில் ஒரே ஆரவாரம். வலையில் நல்ல மீன் விழுந்திருக்கிறது போலும் என்று நினைத்ததோடு சரி. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அப்பாவின் தவணையும் மாவு மில்லும்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

4. ஒரே கை

இன்ஸ்பெக்டர் நெற்றி நிறையத் திருநீறும் ஷூ நிறைய மணலுமாக வந்து சேர்ந்தார். சிரிக்க மாட்டார் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். உண்மைதான். நாற்காலியில் உட்கார்ந்தவர் உடனே மூக்கைச் சுளித்தார்.

“என்னம்மா வாடை இது?”

மேசைக்குப் பக்கத்தில், நாங்கள் அவரை அழைக்க வாசலுக்குப் போனபோது இல்லாத ஒரு புது ஓலைப்பெட்டி. ஹெட்மாஸ்டர் மூடியைத் திறந்தார். விளிம்பு வரைக்கும் சாளை மீன், வெள்ளி உருக்கி ஊற்றினாற்போல் பளபளவென்று. இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

“இதை யார் வெச்சது?”

“இன்ஸ்பெக்ஷனுக்கு மீனா? நான் சைவம். சைவமா இல்லாட்டியும் இந்த மாதிரிக் காரியமெல்லாம் என்கிட்ட நடக்காது.” என் பக்கம் திரும்பினார். “என்னம்மா, ஒங்க ஏற்பாடா?”

“சத்தியமா எனக்குத் தெரியாது சார்.”

“ஒங்க வகுப்பு, ஒங்க மேசை. ஒங்களுக்குத் தெரியாது?”

பிள்ளைகள் முகத்தைப் பார்த்தேன். எல்லாம் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தன. அந்த ஊரில் ஒரு விருந்தாளி பங்கை வேண்டாமென்று தள்ளியதை அவை பார்த்ததே இல்லை.

அவர் நோட்டுகளை எடுத்தார். ஒன்றைப் பிரித்தார், இன்னொன்றைப் பிரித்தார், மூன்றாவதைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இதையெல்லாம் எழுதினது யாரு?”

“பிள்ளைகள்தான் சார்.”

“அம்மா, நான் எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்தவன். பிள்ளைக்குப் பிள்ளை எழுத்து மாறும். இங்க எல்லா நோட்டுலயும் ஒரே கை. அது ஒங்க கைதான், போர்டுல பார்த்தாலே தெரியுதே. ராத்திரி பூரா உக்காந்து எழுதினீங்களாக்கும்?”

மூக்கு நுனியில் கோபம் என்று சொன்னேனே, அது வந்துவிட்டது. “சார், இப்பவே எழுதச் சொல்லிப் பாருங்க. ஒங்க கண்ணு முன்னாலயே எழுதட்டும்” என்றேன், ஏறத்தாழச் சண்டைக்காரி மாதிரி. ஹெட்மாஸ்டர் ஒரு மூலையில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் நிறுத்தி நிறுத்தி ஒரு பத்தி வாசித்தார். எழுத எழுத எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. யாரும் பென்சிலை ஒழுங்காகப் பிடிக்கவில்லை. சிலர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். பிலோமியின் பென்சில் கீழே விழுந்தது, எடுத்தாள், மறுபடி விழுந்தது. அவர் தாள்களை வாங்கி மேசையில் பரப்பினார். நண்டு ஓடின தடம் மாதிரி இருந்தது ஒவ்வொன்றும்.

“இதுதாம்மா ஒங்க பிள்ளைக எழுத்து” என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. பேனாவைத் திறந்து ரிப்போர்ட் தாளை முன்னால் இழுத்துக்கொண்டார்.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். வைகாசியில் கல்யாணம், ஆனியில் மாவு மில். அப்போதுதான் பிலோமியின் தாளைக் கவனித்தேன். ஓரத்தில் செந்நிறமாக ஒரு தீற்றல். பக்கத்துத் தாளிலும் அதே தீற்றல்.

“ஏலே, எல்லாரும் எந்திரிங்க. கையை நீட்டுங்க.”

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், அடி. வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று, கையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டது.

உள்ளங்கை ஒன்றிலும் தோல் இல்லை. விரல் மடிப்புகளில் கொப்புளம் உடைந்து, உப்புப் பட்டு, பச்சைப் புண்ணாகச் சிவந்து கிடந்தது. வடக்கயிறு இழுத்த கைகள் எப்படி இருக்கும் என்று அந்த ஊருக்கு வந்த பிறகு எனக்குத் தெரியும். ஆனால் அவை பெரியவர்களின் கைகள், காய்ப்புக் காய்த்தவை. இவை பென்சில் பிடிக்கிற கைகள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். ஒரு கையைக் குனிந்து பார்த்தார். அடுத்த கையைப் பார்த்தார். வரிசை முழுவதும் பார்த்துவிட்டு, “கண்ணைத் திறங்கப்பா, யாரும் அடிக்கப் போறதில்ல” என்றார். ஒன்றும் திறக்கவில்லை.

“பிலோமி, கண்ணைத் தெற” என்றேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

“வடம் பிடிச்சியாளா?”

தலையை ஆட்டினாள்.

“பொம்பளப் பிள்ளை வடம் பிடிப்பாளா? எதுக்குப் பிடிச்ச?”

ஓலைப்பெட்டியைப் பார்த்தாள், இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“கை மடங்க மாட்டேங்கு டீச்சர், பென்சில் நிக்க மாட்டேங்கு. வெரல் நுனி நல்லாத்தான் இருக்கு. மண்ணுல எழுதட்டா?”

5. மீன் நல்ல மீன்

இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றிவிட்டு, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். பிள்ளைகள் வழக்கமான இடத்தில் வரிசையாகக் குந்தின. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பாடத்துல இருந்து வேண்டாம். அது பழகி வெச்சதா இருக்கும். நேத்து சாயங்காலம் என்ன செஞ்சீங்க? ஆளுக்கு ரெண்டு வரி எழுதுங்க.”

ஆள்காட்டி விரல்கள் மணலில் இறங்கின. ஒரு தடங்கல் இல்லை. வளைவு வளைவாக, சுழி சுழியாக, ‘ர’ காலை நீட்டிக்கொண்டு, என் எழுத்து அந்தக் கரை நீளத்துக்கும் ஓடியது. இன்ஸ்பெக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தபடி நடந்தார். நான் அவர் பின்னாலேயே நடந்தேன்.

‘நேற்று வடம் பிடித்தோம். மடி நிறையச் சாளை.’

‘சம்மாட்டி எங்களைப் போகச் சொன்னார். அழுதோம். சரி என்றார்.’

‘எங்கள் பங்கை யாரும் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. எல்லாம் பெட்டியில் இருக்கிறது.’

கடைசியில் பிலோமி. எழுதி முடித்துவிட்டுக் கையை ஊதிக்கொண்டிருந்தாள்.

‘டீச்சரை ஊருக்கு அனுப்பாதீர்கள். மீன் நல்ல மீன்.’

இன்ஸ்பெக்டர் அதற்கு மேல் நடக்கவில்லை. அப்படியே நின்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். என்னை அங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று, கையை ரணமாக்கிக்கொண்டு, பெரிய விருந்தாளிக்குத் தங்கள் ஊர் முறைப்படி மரியாதை செய்திருக்கின்றன. அந்தக் கையால்தான் நாளைக்கு எழுத வேண்டும் என்கிற யோசனை ஒன்றுக்கும் வரவில்லை. அட, பைத்தியக்காரப் பிள்ளைகளா!

பிலோமி பயந்துபோனாள். “எதுக்கு டீச்சர் அழுதிய? தப்பா எழுதிட்டனா?”

“தப்பு இல்லம்மா” என்றார் இன்ஸ்பெக்டர். “எழுத்து நல்ல எழுத்து.”

வகுப்புக்குத் திரும்பியதும் அவர் அந்த ஓலைப்பெட்டியின் முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் அதைத் தூக்கி வாங்கிக்கொண்டார். மூக்கு சுளித்துத்தான் இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டார். “நான் மீன் சாப்பிட மாட்டேன். ஆனா நீங்க குடுத்தது எனக்கு வந்து சேர்ந்தாச்சு. பெட்டியை மட்டும் கழுவிக் குடுங்க, வீட்டுக்குக் கொண்டு போறேன்” என்றார். போகும்போது என்னிடம், “சொல்லிக் குடுத்த கை ஒண்ணுன்னா எழுத்தும் ஒண்ணாத்தான் இருக்கும். எனக்கு அது தோணல டீச்சர்” என்றார். அதுவரைக்கும் ‘அம்மா’, அப்போதுதான் ‘டீச்சர்’.

மீன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். “இன்ஸ்பெக்டர் சைவம், டீச்சரும் சைவம், பின்ன நான் என்ன செய்ய?” என்று அலுத்துக்கொண்டே ஹெட்மாஸ்டர் அவ்வளவையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவர் வீட்டம்மா குழம்பு வைத்து வகுப்புப் பிள்ளைகள் அத்தனைக்கும் சோறு போட்டார்கள். கை எரியும் என்று, அவர்களே உருட்டி உருட்டி வாயில் ஊட்டிவிட்டார்கள்.

6. பென்சில் கொடுக்கும் நாள்

மறுநாள் சம்மாட்டியைப் பிடித்துக் கிழித்துவிட்டேன். அவர் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். “நா வேண்டாம்னுதான் சொன்னேன் டீச்சர். ஒங்க பிலோமி மண்ணுல உருண்டு கெடக்கா. டீச்சருக்காவன்னு சொல்லுதா. நா என்ன செய்ய முடியும்?” என்றார். அதற்கு மேல் எனக்கும் திட்டத் தெரியவில்லை. புண் ஆறும் வரைக்கும் வகுப்பில் எழுத்து கிடையாது. தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டுவிட்டு, கதை சொல்லிப் பொழுதைக் கழித்தோம்.

வேலை நிரந்தரம் என்று ஆர்டர் வந்ததும் ஊருக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன். நிதானமாக வாசித்து மடித்தார்.

“அப்ப மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்னத்தச் சொல்ல?”

“ஒங்க பொண்ணு மேல மீன்வாடை அடிக்குன்னு சொல்லிருங்க.”

அப்பா சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு, “அந்தப் பையன் தங்கமான பையன்ட்டீ” என்று ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். எனக்கும் பிறகு கல்யாணம் ஆயிற்று. வேலைக்குப் போகிற பெண்தான் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த ஒரு மனுஷனோடு.

அதே ஊரில்தான் ரிட்டயர் ஆகும்வரை இருந்தேன். பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடமாகி, பிறகு கான்கிரீட் ஆயிற்று. சிலேட்டு போயிற்று, நான் வெறுத்த பால்பாயிண்ட் ஜெயித்தது. சாயங்காலங்களில் அந்த ஈர மணல் இப்போதும் எனக்கு ஞாபகம் வரும், வந்தால் ஆள்காட்டி விரல் தானாக அசையும்.

சின்ன டீச்சர்மார்களே, எழுத்து சொல்லிக் கொடுக்க எனக்கு டிரெயினிங்கில் எத்தனையோ சொன்னார்கள். பென்சில் எந்தச் சாய்வில் இருக்க வேண்டும், நோட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், முதுகு எப்படி இருக்க வேண்டும், எல்லாம் சரிதான். பிள்ளையின் கையைப் பார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த இன்ஸ்பெக்ஷனுக்குப் பிறகு தினமும் காலையில் என் முதல் வேலை அதுதான். கையை நீட்டு என்பேன். உப்பளத்தில் அம்மாவுக்கு ஒத்தாசை செய்து வெடித்த கை இருக்கும், தூண்டில் முள் ஏறின விரல் இருக்கும், கெளுத்தி குத்தி வீங்கினது இருக்கும். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு எழுத்து இல்லை, வாயால் சொன்னால் போதும்.

பயம் இருந்தால்தான் எழுத்து வரும் என்றார் ஹெட்மாஸ்டர். நல்ல மனுஷன், போய்ச் சேர்ந்துவிட்டார், அவரோடு இனிமேல் சண்டை போட முடியாது. ஜூனில் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் கையை நீட்டு என்றால் எல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். நான் பார்த்துவிட்டு, தடவிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த பிள்ளையிடம் போவேன். மறுநாளும் அப்படியே. கொஞ்ச நாளில் ஒரு பிள்ளை, பிலோமியைப் போல, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். பிறகு ஒரு நாள் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, சிரித்தபடி கையை நீட்டும். அன்றைக்குத்தான் நான் அந்தக் கையில் பென்சிலைக் கொடுப்பேன்.